பூஸ்ட் ஏறும்போது திணறும் டர்போ காருக்கு எந்த ஃபியூல் பம்பு? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

போன சித்திரையில் கோபிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் சிவப்பு டர்போ ஹேட்ச்பேக்கை எங்கள் பட்டறைக்கு ஓட்டி வந்தார். பின்சீட்டில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே மணிக்கு 450 லிட்டர் தள்ளும் புது ஃபியூல் பம்பு.

"ஏனுங்ணா, மூவாயிரத்துக்கு மேல போனா திணறுதுங்க. பம்பு பத்தலைன்னு சொன்னாங்க. இதை மாட்டிப்போட்டா செரியாயிருமுங்களா?"

"பொறுங்க தம்பி. மொதல்ல மீட்டர வெச்சுப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க."

பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மேலிருக்கும் பம்பு கனெக்டரில் மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பின்பக்கமாகச் செருகினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரியில் 14.1 வோல்ட். பம்பில் 11.2. நடுவில் கிட்டத்தட்ட 3 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு 10 மி.மீ. போல்ட். அதைச் சுற்றி ரிங் டெர்மினலில் பச்சை பூத்திருந்தது. எப்போதோ காருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, டெர்மினலையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி முடுக்கினேன். மறுபடி மீட்டர்: 13.6. திணறல் போய்விட்டது. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே கோபிக்குத் திரும்பியது.

பம்பு மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்ற வேண்டிய வண்டிகள் நிறைய உண்டு, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் மூன்று எண்கள் கையில் இல்லாமல் பம்பு வாங்காதீர்கள்: முழு பூஸ்டில் (டர்போ இன்ஜினுக்குள் அமுக்கித் தள்ளும் காற்றழுத்தம்) லைனில் எவ்வளவு அழுத்தம், அதே நேரத்தில் பம்பில் எத்தனை வோல்ட், இன்ஜின் மணிக்கு எத்தனை லிட்டர் கேட்கிறது. டர்போவில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். சாதாரண இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் இழுவை குறையும். டர்போவில் சிலிண்டர் நிறையக் காற்று அமுங்கியிருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறி, நாக்கிங் (கலவை தானாக வெடித்து இடிப்பது) வந்து, பிஸ்டனில் ரிங் காடிகளுக்கு நடுவிலுள்ள வரம்பு உடைந்துவிடும். அதற்குச் சில விநாடி போதும்.

போர் மோட்டார் தெரிந்தவருக்கு இது புதிதல்ல

கொங்குநாட்டில் தோட்டம் வைத்திருப்பவர் யாருக்கும் பம்பைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வேண்டும், அந்த ஹெட்டில் எத்தனை லிட்டர் கொட்டும், லைனில் வோல்டேஜ் எவ்வளவு, கேபிள் என்ன கனம் என்று இத்தனையும் கேட்டுத்தான் சப்மெர்சிபிள் வாங்குவோம். அதே ஆள் காருக்கு வரும்போது "255 போடலாமுங்களா, 450 போடலாமுங்களா" என்று ஒரே எண்ணைக் கேட்கிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

டேங்குக்குள் இருக்கும் ஃபியூல் பம்பும் ஒரு சப்மெர்சிபிள்தான். பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது, பெட்ரோலே அதைக் குளிரவைக்கிறது. ஹெட் கூடினால் டிஸ்சார்ஜ் குறையும். 1 பார் என்பது ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீர் உயரம். 3 பார் லைன் அழுத்தம் என்றால் 30 மீட்டர் ஹெட். இன்டேக் பாதைக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ இன்ஜினில் 1 பார் பூஸ்ட் வரும்போது, இன்ஜெக்டரின் மூக்குக்கு எதிரே 1 பார் காற்று நின்று தள்ளும். அதைத் தாண்டித் தெளிக்க லைன் அழுத்தம் 4 பாராக ஏற வேண்டும். அதாவது இன்ஜின் பெட்ரோல் அதிகமாகக் கேட்கும் அதே நொடியில் பம்புக்கு ஹெட்டும் 10 மீட்டர் கூடுகிறது. பெட்டிமேல் 255 என்று இருப்பது பொதுவாக 3 பார் பக்கத்தில், 13.5 வோல்ட்டில் எடுத்த கணக்கு. 5 பாரில் அதே பம்பு சுமார் 200 லிட்டரை ஒட்டித்தான் தரும். வோல்டேஜ் 12-க்கு இறங்கினால் இன்னும் குறையும்.

உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலிலிருந்து டேங்குக்கு ரிட்டர்ன் ஹோஸ் போனால், ரெகுலேட்டர் பூஸ்ட்டைப் பார்த்து அழுத்தத்தை ஏற்றி இறக்கும். ரிட்டர்ன் இல்லாத வண்டியில் ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். பல வண்டிகளில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவு. மூன்றாவது வகை, சிலிண்டருக்குள் நேரே தெளிக்கும் டி.எஸ்.ஐ. போன்ற இன்ஜின்கள். அதில் இரண்டு பம்பு உண்டு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கையில் எடுக்க வேண்டியவை, கையை எடுக்க வேண்டியவை

0–10 பார் காட்டும் ஃபியூல் பிரஷர் கேஜ், மல்ட்டிமீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறிகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர், வயரைக் கவ்வி டி.சி. ஆம்பியர் காட்டும் டாங்டெஸ்டர். மோட்டார் ரூமுக்கு வாங்கி வைத்த ஏ.சி. டாங்டெஸ்டர் இதற்கு உதவாது.

டேங்கைத் திறக்கும் அன்றைக்கு மட்டும் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழ் இருக்கட்டும். பம்பு ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து கதவுக்கு வெளியே போகும். கோயம்புத்தூரில் கணபதி, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஒரு பட்டறைக்கும் அடுத்த பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ ஓடினால் அன்றைக்கு டேங்க் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அறிகுறி: பூஸ்ட் ஏறும்போது திணறல், ஜெர்க், மிஸ்ஸிங்

மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து டர்போ பிடிக்கும்போது யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி நிற்கும். வருகிற வண்டிகளில் இந்தப் புகார்தான் அதிகம், பம்பின்மேல் தவறாகப் பழி விழுவதும் இதில்தான்.

முதலில் ஸ்பார்க் பிளக். பூஸ்ட்டில் சிலிண்டர் அழுத்தம் கூடும்போது பொறி தாவ முடியாமல் போனால், பெட்ரோல் வெட்டுவது போலவே இருக்கும். பிளக் முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி (கேப்) தேய்ந்து 1 மி.மீ. தாண்டியிருந்தால் புதுசு போட்டு, வண்டி புத்தகத்தில் சொன்ன கேப்பில் வைத்துப் பாருங்கள். டியூன் செய்த டர்போக்களில் 0.7 மி.மீ. வரை குறைத்து வைப்பது வழக்கம். இரண்டு மணி நேர வேலை. பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து ஸ்கேனர். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது. பி0087 வந்தால் ரெயிலில் அழுத்தம் குறைகிறது. லாங் டேர்ம் ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் இன்ஜின் ஏற்கெனவே பெட்ரோலுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறது.

இனி கேஜ். ஹோஸை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பர் கைக்கு அடியில் டேப் போட்டுக் கட்டுங்கள். பெட்ரோல் நிறைந்த ஹோஸைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணைப் பார்க்கட்டும். எல் அண்ட் டி பைபாஸில் இதைச் செய்யாதீர்கள், அங்கே லாரியும் டூவீலரும் எந்தப் பக்கம் வருமென்று சொல்ல முடியாது. டைனோ (வண்டியை உருளைமேல் நிறுத்தியபடியே ஓட்டிப் பார்க்கும் மேடை) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே நாளில் ஒரு ஸ்லாட் எடுத்துக்கொள்ளலாம். 2.1 கிலோமீட்டர் டிராக்கில் முழு பூஸ்டை ஒரு ரவுண்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

ஐடிலில் அழுத்தம் சரியாக இருந்து, பூஸ்ட்டில் ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நின்றாலோ (எப்போதும் ஒரே அளவு அழுத்தம் உள்ள வண்டியில் இந்த ஏற்றம் இருக்காது) இறங்கினாலோ, பெட்ரோல் வரத்து பத்தவில்லை என்பது உறுதி. ஆனால் பம்புதான் காரணமென்று இன்னும் உறுதியில்லை. அதே ஓட்டத்தில் பம்பு கனெக்டரில் வோல்டேஜ் பாருங்கள். நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது, சுமை ஏறும்போதுதான் மோசமான இணைப்பு தன் குணத்தைக் காட்டும். பேட்டரிக்கும் பம்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர், ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் ஆகிய நான்கையும் தேடுங்கள். எர்த்தை முதலில்.

வோல்டேஜ் நன்றாக இருந்தும் அழுத்தம் விழுந்தால் ஃபியூல் ஃபில்டரும், பம்பின் வாயில் இருக்கும் சல்லடையும். டாங்டெஸ்டர் இங்கே உதவும். இயல்பை விட ஆம்பியர் அதிகமாக இழுத்தால் வெளியே போகும் பாதை அடைத்திருக்கலாம், அல்லது பம்பு உள்ளே இறுகுகிறது. ஆம்பியர் குறைவாக இழுத்து அழுத்தமும் குறைந்தால், பம்புக்கு உள்ளே பெட்ரோல் வரவில்லை அல்லது பம்பு தேய்ந்துவிட்டது. ரிட்டர்ன் உள்ள வண்டியில் இன்னொரு நேரடிச் சோதனை: ரிட்டர்ன் ஹோஸை அளவு கேனில் விட்டு, பம்பை மட்டும் 30 விநாடி ஓட்டுங்கள். வந்ததை 120-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். தோட்டத்தில் டெலிவரி பைப்புக்குக் கீழே குடம் வைத்துப் பார்ப்பது போலத்தான்.

அழுத்தம் கடைசிவரை அசையாமல் நின்று, ஆனால் புகையைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் மீட்டர் மட்டும் பெட்ரோல் குறைவு என்று காட்டினால் பம்பைத் தொடாதீர்கள். இன்ஜெக்டர் சின்னது அல்லது அடைத்திருக்கிறது. ஸ்கேனரில் இன்ஜெக்டர் டியூட்டி (அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டுகிறதா பாருங்கள். வைட்பேண்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தைப் படிக்காமல் லாம்டாவைப் படியுங்கள்: சரியான கலவை 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், மேலே போனால் குறைவு. பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் 14.7 என்ற பழைய கணக்கு இன்றைய பெட்ரோலுக்குப் பொருந்தாது. முழு பூஸ்டில் பெரும்பாலான டர்போ இன்ஜின்களுக்கு லாம்டா 0.80–0.85 நல்ல இடம். 0.90-ஐத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியைப் போட்டதும் பம்பு இரண்டு விநாடி முனகி நிற்பது காதில் விழுகிறதா? விழுந்தால் சாவியை மூன்று முறை போட்டு எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டென்று பிடித்தால் இரவெல்லாம் லைன் அழுத்தம் இறங்கிப் போயிருக்கிறது. ஃபுட் வால்வு கசிந்தால் மோட்டாரைப் போட்டவுடன் தண்ணீர் வராதே, அதேதான். பம்பின் உள்ளேயிருக்கும் செக் வால்வு, டேங்குக்குள் விரிசல் விட்ட சின்ன ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் நெடியும் கறுப்புப் புகையும் வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள். செக் வால்வு தனியாகக் கிடைக்காது, அதற்குப் பம்பு மாற்றத்தான் வேண்டும். அப்போதும் ஒரிஜினல் அளவே போதும்.

அறிகுறி: வெயிலில் நின்று எடுத்தால் திக்குகிறது

வைகாசி வெயிலில் திருப்பூர் போய், அரை மணி நிறுத்திவிட்டு எடுத்தால் வண்டி ஒரு நிமிடம் திக்கித் திக்கிப் போகும். இன்ஜின் சூட்டில் ரெயிலுக்குள் பெட்ரோல் ஆவியாகிறது. லைனில் அழுத்தம் நின்றால் ஆவியாவது குறையும். ஆகவே முன்னே சொன்ன செக் வால்வுதான் இங்கேயும் முதல் சந்தேகம்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் இழுவை குறைந்து, ஆறவிட்டால் சரியானால், பம்பு மோட்டாரின் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் தேய்ந்திருக்கின்றன. இதை வளர்ப்பது நம் பழக்கம்தான்: ரிசர்வ் விளக்கு எரிந்தபடியே நாள் கணக்கில் ஓட்டுவது. தண்ணீர் இல்லாமல் ஓடிய சப்மெர்சிபிள் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டர்போ வண்டியில் கால் டேங்க்குக்குக் கீழ் இறக்காதீர்கள்.

அறிகுறி: வளைவில் மட்டும் விட்டுவிட்டுப் போகிறது

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, திம்பத்தில் 27. அரை டேங்க்குக்குக் கீழே ஏறும்போது வளைவைத் திருப்பி வெளியே வரும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டினால், பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பம்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. டேங்க் நிரப்பியதும் இந்தத் தொல்லை முழுக்கப் போய்விட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

பம்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குவளை உண்டு. அதை எப்போதும் நிறைத்து வைக்க ஒரு குட்டி ஜெட் பம்பு இருக்கும். அது அடைத்துப் போயிருக்கலாம். பெரிய பம்பு மாட்டுகிறவர்கள் இடம் பத்தவில்லை என்று இந்தக் குவளையை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அப்படி வெட்டப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 450 லிட்டர் பம்பு குவளையை விநாடிகளில் காலி செய்துவிடும், ஜெட் பம்பால் ஈடுகொடுக்க முடியாது. பெரிய பம்பால் வளைவில் வெட்டுவது அதிகமாகுமே தவிரக் குறையாது. டிராக்குக்கே எடுத்துப் போகும் வண்டி என்றால் வெளியே ஒரு சர்ஜ் டேங்க் (எப்போதும் நிறைந்தே இருக்கும் சின்னத் துணை டேங்க்) வைப்பதுதான் முறை.

அறிகுறி: பம்பு இரைகிறது

லேசான முனகல் இயல்பு. திடீரென்று சத்தம் கூடினால் சல்லடை அடைப்பு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய டேங்கில் ஒட்டியிருந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து சல்லடையில் சேர்க்கிறது. பம்பு உறிஞ்சத் தவித்து, உள்ளே குமிழி வெடித்து இரைகிறது. சல்லடை மாற்றினாலே அடங்கும். ஆனால் பல நாள் அப்படியே ஓடியிருந்தால் பம்பும் தேய்ந்திருக்கும்.

அறிகுறி: சத்தமே இல்லை

ஃப்யூஸ், ரிலே, சில வண்டிகளில் மோதலுக்குத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச், பிறகு கனெக்டரில் வோல்டேஜ். கரண்ட் வந்தும் ஓடாவிட்டால், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது மற்றவர் டேங்க் அடியில் ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு. ஓடினால் பிரஷ் முடிந்துவிட்டது. அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், நடுவழியில் நிற்கும்.

நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின் என்றால்

டேங்கில் இருப்பது 4–6 பார் தரும் பம்பு. இன்ஜின்மேல் கேம் ஷாஃப்ட் தள்ளும் இன்னொரு பம்பு அதை 150, 200 பாருக்கு ஏற்றுகிறது. ஸ்கேனரில் இரண்டு அழுத்தத்தையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். டேங்க் பக்கம் முதலில் விழுந்து, பின்னாலேயே ரெயில் விழுந்தால் டேங்க் பம்பு. டேங்க் பக்கம் அசையாமல் நின்று ரெயில் மட்டும் விழுந்தால் மேல் பம்பு, அல்லது கேமுக்கும் பம்புக்கும் நடுவில் உட்காரும் ஃபாலோயர். பழைய 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. இன்ஜின்களில் அந்த ஃபாலோயர் தேய்ந்து ஓட்டையாகி, கேமையே தின்றுவிடும். அதைக் கழற்றிப் பார்க்காமல் பம்பு வாங்காதீர்கள். 200 பார் லைனை அழுத்தத்தோடு திறந்தால் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இந்த லைனை வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற வேண்டாம்.

இந்த வகை வண்டிகளில் டேங்க் பம்பின் வேகத்தை ஒரு தனி கன்ட்ரோல் மாட்யூல் கட்டுப்படுத்தும். சிலவற்றில் பிரஷ்ஷே இல்லாத, மூன்று வயர் மோட்டார். அதற்குச் சாதாரண இரண்டு வயர் பம்பு பொருந்தாது.

பம்புதான் போய்விட்டது என்றால், எது வாங்குவது

கணக்கு சுலபம். முழு வேகத்தில் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். ஆக ஒரு குதிரைத்திறனுக்கு 0.37 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி.க்கு 114 குதிரைத்திறன். 114-ஐ 0.37-ஆல் பெருக்கினால் 42 லிட்டர். எத்தனாலுக்கு 7 சதவீதம், தேய்மானத்துக்கு 20 சதவீதம் கூட்டினாலும் 54-ஐத் தாண்டாது. இதற்கு 255 எதற்கு? 230 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற வண்டிக்கு அதே கணக்கில் 110 லிட்டர். மேப் போட்டு (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) 300-க்கு ஏற்றினால் 143. அந்த 143-ஐ உங்கள் வண்டியின் முழு பூஸ்ட் லைன் அழுத்தத்தில், பம்பு கனெக்டரில் நீங்கள் அளந்த வோல்டேஜில் தர வேண்டும். பம்பு செய்தவர் வெளியிடும் வரைபடத்தில் அந்த அழுத்தத்துக்கு நேரே விரலை வைத்துப் படியுங்கள். வரைபடம் தராத பம்பை நான் மாட்டுவதில்லை.

டியூன் செய்யாத வண்டிக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: வண்டிக்கு வந்த அதே அளவு, குவளையோடு முழுப் பம்பு மாட்யூல். டியூன் செய்த வண்டிக்கு 255 வகை பெரும்பாலும் தாராளம். 450 வகை 400 குதிரைத்திறனைத் தாண்டுபவர்களுக்கு. அதன் அடிப்பகுதி அகலம், பல வண்டிகளின் குவளைக்குள் போகாது.

எத்தனால் விஷயம் முக்கியம். 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இன்று பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோலாகவே வருகிறது. அதற்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் எல்லாம் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பம்பு எத்தனாலுக்கு ஏற்றது என்று எழுத்தில் இருக்க வேண்டும். செம்புக் கம்யூட்டேட்டரை விட கார்பன் கம்யூட்டேட்டர் எத்தனாலில் நின்று உழைக்கும்.

போலிகளைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பிரபலப் பேர் போட்ட ஒரு பம்பை ஒருவரிடம் வாங்கி, வாடிக்கையாளர் வண்டியில் மாட்டினேன். மூன்றாவது வாரம் அவர் குடும்பத்தோடு சத்தியமங்கலம் ரோட்டில் இரவு எட்டரை மணிக்கு நின்றார். கழற்றி ஒரிஜினலோடு தராசில் வைத்தேன், எடையே வேறு. உடம்பில் எழுத்து பொறிக்கப்படாமல் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து பில் தரும் டீலரைத் தவிர யாரிடமும் வாங்குவதில்லை, புதுப் பம்பு எதுவானாலும் முதலில் தராசில் வைக்கிறேன்.

மாட்டும்போது

டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு ஆர்10 தரம் வேண்டும். பானெட்டுக்குள் போடும் ஆர்9 ஹோஸின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறிக் கொழகொழத்துவிடும். அது விரிந்தால் பம்பு தள்ளுவதெல்லாம் டேங்குக்குள்ளேயே திரும்பக் கொட்டும், நீங்கள் மறுபடி முதல் அறிகுறிக்கே வந்து நிற்பீர்கள். மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

அடுத்தது வயர். பெரிய பம்பு 15 ஆம்பியர் இழுத்தால், 1 சதுர மி.மீ. செம்பு வயர் 5 மீட்டரில் 1.3 வோல்ட் சாப்பிடும். 2.5 சதுர மி.மீ. வயர் அரை வோல்ட். பேட்டரியிலிருந்து கனமான வயரை ஃப்யூஸ் போட்டு ரிலே வழியாகக் கொண்டுபோய், பழைய பம்பு வயரை அந்த ரிலேயைத் தூண்ட மட்டும் பயன்படுத்துங்கள். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். விபத்தில் இன்ஜின் நின்றால் இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) பம்பை நிறுத்தும் வசதி இதனால் அப்படியே இருக்கும். நேரடியாகச் சாவியில் இணைத்துவிட்டால் கவிழ்ந்த காரிலும் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். பம்பின் வேகத்தை மாட்யூல் கட்டுப்படுத்தும் வண்டியில் மட்டும் இந்த ரிலே வேலை ஆகாது. விட்டுவிட்டு வரும் சிக்னலில் ரிலே படபடவென்று அடித்துக் கருகிவிடும்.

அறிகுறி: பெரிய பம்பு போட்ட பிறகு ஐடிலில் புகை, மைலேஜ் குறைவு

ஐடிலில் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான் கேட்கும். மீதி முழுவதும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். சின்ன ரெகுலேட்டர், சின்ன ரிட்டர்ன் பைப்பில் அது போகாமல் தேங்கி, அழுத்தம் 3-க்குப் பதில் 4 பார் நிற்கும். கேஜ் போட்டால் தெரிந்துவிடும். ரெகுலேட்டரையும் ரிட்டர்னையும் பெரிதாக்குங்கள், அல்லது சின்னப் பம்புக்குத் திரும்புங்கள். இன்னொன்று, இன்ஜின் பக்கம் போய்ச் சூடாகித் திரும்பும் பெட்ரோல் டேங்கையே சூடாக்கும். நம் ஊர் வெயிலில் அதுவே திக்கலுக்கு வழி.

எல்லாம் மாட்டி முடித்ததும் பின்சீட்டை உடனே மூடாதீர்கள். பம்பை ஓட்டி, மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கக்கூடாது. இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கேஜைப் பாருங்கள், முள் பெரிதாக இறங்கக்கூடாது. பிறகு முழு பூஸ்ட் அழுத்தம், அப்போதைய பம்பு வோல்டேஜ், ஆம்பியர், லாம்டா நான்கையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, டேங்க் மூடிக்கு மேலே வரும் பிளாஸ்டிக் தகட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டுச் சீட்டைப் போடுங்கள். அடுத்த முறை திணறினால் திறக்கிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.